நாலு இஞ்சு

சவரிமுத்து மேஸ்திரி போனில் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். அதையும் அவர் பரக்கத் நிஷாவிடம் நேராகக் கேட்கவில்லை. அவளுடைய நாத்தனார் ஷம்ஷாத்தின் நம்பருக்குப் போட்டார். ஷம்ஷாத் மச்சி அதைக் காதில் வாங்கி, கையில் கரண்டியோடு அடுப்படியிலிருந்து உள்ளறை வரை சுமந்துகொண்டு வந்து கட்டிலோரம் இறக்கி வைத்தாள். மாதிரிக்கு ஒரு உத்திரத்தை அறுத்துக் கல்லுக்குக் கல் வைத்துப் பார்த்தார்களாம், நாலு இஞ்சு கட்டையாக நிற்கிறதாம், எட்டுப் பக்கமும் டேப்பைப் போட்டுப் பார்த்தாயிற்று, எட்டிலும் அதே நாலு இஞ்சுதானாம், மீதி ஏழையும் அறுக்க மில்லில் நாலு மணிக்கு ஆள் வருகிறானாம், அதை விட்டால் மில் கிடைக்க இன்னும் ஒரு வாரமாம், சார் வரைந்ததில் தான் கை வைக்க மாட்டாராம், சாருடைய படத்தில் இந்தப் பதினொரு வருஷத்தில் ஒரு நூல் பிசகிப் பார்த்ததில்லையாம், அதனால் இந்த நாலு இஞ்சைச் சார் தெரிந்தே விட்டாரா, தவறிப்போய் விட்டாரா, மேடத்தைக் கேட்டுச் சொல்லுங்கள், அவ்வளவுதான். மச்சி மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டுச் சுவரில் மணி பார்த்தாள். ஒன்றே முக்கால். "நீ யோசிச்சு வையி, அடுப்புல பால் கெடக்கு," என்று போய்விட்டாள். யோசிப்பதற்கு என்ன கேடு, ஐம்பத்தோரு நாளாக இந்த அறையில் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறாள், யோசித்து யோசித்து மின்விசிறியின் மூன்று இறக்கையில் எது டக்கென்று சத்தம் போடுகிறது என்பது வரைக்கும் கண்டுபிடித்தாகிவிட்டது, தெரிந்தா தவறியா என்பது மட்டும் இன்றைக்குத்தான் புதிதாக வந்திருக்கிறது.

புருஷன் மௌத்தானால் பெண்டாட்டி நாலு மாசம் பத்து நாள் வாசல் தாண்டாமல், கூடியவரை வெளி ஆண்களோடு பேசாமல் இருப்பது இத்தா. அவளை யாரும் பிடித்து உட்கார வைக்கவில்லை, அவளாகத்தான் உட்கார்ந்தாள், முதல் பத்து நாள் அது ஒரு சலுகையாகக்கூட இருந்தது, போவதற்கு இடம் இல்லாதவளுக்குப் போகாதே என்று சொன்னால் அதில் என்ன கஷ்டம். பதினோராம் நாள் கண்காட்சி நடத்துகிற டிரஸ்டிலிருந்து இரண்டு பேர் வந்து வாசலில் நின்றபடி துக்கம் விசாரித்தார்கள், விசாரித்து முடித்து, அந்த மரப் பந்தல் வேலையை இத்தோடு விட்டுவிடலாமா என்று மச்சியிடம் மெதுவாகக் கேட்டார்கள். பந்தல் என்றுதான் அவர்கள் சொல்வார்கள். அதை வரைந்த அவள் புருஷன் நஜ்முதீன் கூடாரம் என்பார், சில நாள் பஜார் என்பார், கோபம் வந்தால் கட்டடம் என்பார், நாற்பது நாள் நின்றால் அது கட்டடம் இல்லையா, மனுஷன் மட்டும் எத்தனை நாள் நிற்கிறான் என்பார். பழைய மார்க்கெட்டின் முற்றத்தில், முன்னொரு காலத்தில் எண்கோணப் பழக்கடை இருந்த இடத்தில், எட்டுக் கருங்கற்கள் மட்டும் மிச்சம். தரையைத் தோண்டக் கூடாது, ஆணி அறையக் கூடாது என்று உத்தரவு. அந்த எட்டுக் கல்மேல் எட்டுத் தூண், தூணுக்குத் தூண் ஒரு உத்திரம், நடுவில் மரச் சட்டத்தைத் துளை துளையாகப் பின்னிய நட்சத்திர ஜாலி, எட்டுத் திக்கிலிருந்தும் சந்து, சந்தெல்லாம் கடை. கண்காட்சி முடிந்ததும் பிரித்து மரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவள்தான் சொன்னாள், வேலை நடக்கும் என்று, சொன்ன பிறகுதான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். இன்றைக்கிருந்து பன்னிரண்டு நாளில் திறப்பு, அங்கிருந்து நாற்பது நாள், பிறகு ஒரு நாளில் கழற்றிவிடுவார்கள், அதற்கும் பிறகு ஏறக்குறைய ஒரு மாசம் கழித்துத்தான் இவள் வாசல் தாண்டுவாள், அப்போது அங்கே எட்டுக் கல் இருக்கும். அவர் வரைந்தார், பார்க்கவில்லை. இவள் கட்டுகிறாள், பார்க்க மாட்டாள். நல்ல ஜோடிப் பொருத்தம் என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

படத்தை எடுத்துக் கட்டிலில் விரித்தாள். நாலு மூலைக்கும் பாரம் வேண்டும், ஒரு மூலைக்குத் தஸ்பீஹ் மணிமாலை, ஒன்றுக்குத் தண்ணீர்ச் செம்பு, ஒன்றுக்கு அவளுடைய முழங்கால், நாலாவதுக்கு அவருடைய கண்ணாடிக் கூடு, உள்ளே கண்ணாடி இருக்கிறது, குலுங்கியது. பென்சில் கோடு. எல்லாரும் கம்ப்யூட்டரில் போடும்போது இவர் மட்டும் கடைசிப் படத்தைக் கையால் போடுவார், கேட்டால் மவுசுக்கு என்ன தெரியும் மரத்தைப் பற்றி என்பார். எண்முனை நட்சத்திரம் பெரிய வித்தை ஒன்றுமில்லை, ஒரு சதுரம், அதன்மேல் கொஞ்சம் திருப்பி வைத்த இன்னொரு சதுரம், அவ்வளவுதான், கல்யாணமான புதிதில் முதல் சதுரத்தை அவர் போட்டு நிறுத்துவார், இரண்டாவதைத் திருப்பிப் போடுவது இவள் வேலை. ஓரத்தில் உத்திரம், அதன் நீளம், நாலு இருபது. அதாவது நாலு மீட்டர் இருபது சென்டிமீட்டர், மேஸ்திரி சொல்கிற நாலு இஞ்சைச் சேர்த்தால் நாலு முப்பது. தெரிந்தே விட்டாரா? விட்டிருக்கலாம். விடக்கூடிய ஆள்தான். பஜாருக்கு முன்வாசல் பின்வாசல் கிடையாது பரக்கத், எந்தப் பக்கம் நுழைந்தாலும் அதுதான் முன்வாசல் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், தூணுக்கும் உத்திரத்துக்கும் நடுவே ஒரு கீற்று வெளிச்சம் விழட்டும் என்று நாலு இஞ்சு விட்டிருக்க மாட்டாரா, எட்டு மூலையிலும் எட்டுக் கீற்று, மத்தியானம் ஒரு நிமிஷம் எட்டும் ஒன்றாக நடுவில் வந்து விழும்படி. அப்படி விட்டிருந்தால் அதை யாரிடமாவது சொல்லியிருப்பாரே. இவளிடம் சொல்லாமலா. ஆச்சரியமாக இருக்கட்டும் என்று சொல்லாமல் விட்டிருப்பாரோ. ஐம்பத்தோரு நாள் கழித்து அவர் அனுப்பிய முதல் சேதி இதுதானோ என்று ஒரு பைத்தியக்கார சந்தோஷம் எழுந்து உட்கார்ந்தது, அதைக் கொஞ்ச நேரம் உட்கார விட்டாள். பிறகு, உத்திரத்தின் முனை தூணில் உட்காராவிட்டால் உத்திரம் எதில் நிற்கும், அந்தரத்திலா என்று படித்த புத்தி கேட்டது. வெளிச்சத்துக்காகக் கூரையை ஆற்றில் விடுகிற ஆள் இல்லை அவர்.

அந்தக் காலத்துச் சிற்பிகள் வேண்டுமென்றே ஒரு பிழை விடுவார்களாம் என்று டிரஸ்டின் பெரியவர் ஒருவர் முதல் கூட்டத்திலேயே சொன்னார், முழுமை அல்லாவுக்கு மட்டும்தான், அதனால் ஆயிரம் நட்சத்திரத்தில் ஒன்றைக் கோணலாக விடுவார்களாம், நீங்களும் ஒன்று விடுங்களேன் என்றார். நஜ்முதீன் அங்கே பணிவாகத் தலையாட்டிவிட்டு ஸ்கூட்டரில் வரும்போது வழியெல்லாம் சிரித்தார். "பிழை விடுறதுக்குத் தனியா ஏற்பாடு வேறயா? அது பாட்டுக்குத் தானா வந்துட்டுப் போகுது," என்றார். பின்னால் உட்கார்ந்திருந்தவளின் தாடையில் அவருடைய முதுகு குலுங்கியது இப்போதும் தெரிகிறது, சட்டையில் அத்தர் வாசனையும் பென்சில் சீவிய வாசனையும். தானாக வந்துவிட்டுப் போகுது. அப்படியானால் தானாக வந்த பிழை. படத்தின் கீழ்மூலையில் கட்டம் போட்டிருக்கிறது, வரைந்தவர் ந., சரிபார்த்தவர் ப., தேதி. அந்தத் தேதிக்கு அடுத்த நாள் காலையில், ஃபஜ்ர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளுச் செய்யக் குழாயடிக்குப் போனவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வெகுநேரம் ஓடுகிறதே, மனுஷனுக்குத் தண்ணீரின் அருமை தெரியவில்லையே என்று படுக்கையிலிருந்தபடி இவள் சலித்துக்கொண்டாள், அந்தச் சலிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அதற்கு முந்தைய இரண்டு நாளாக நெஞ்சில் என்னவோ பிடித்த மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாய்வு என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார். இவள் இஞ்சி தட்டிச் சாறு எடுத்துத் தேன் விட்டுக் கொடுத்தாள், மறுநாள் பெருங்காயம் கரைத்த மோர். குடித்துவிட்டு ஏப்பம் விட்டார், பார்த்தியா போயிருச்சு என்றார், இவளும் போயிருச்சு என்றாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, நாலைந்து நாளாகவே சோர்வு, வேர்வை, மூச்சுவாங்கல் ஏதாவது இருந்திருக்குமே, கவனிக்கவில்லையா என்று கேட்டார், கேட்டுவிட்டு அவர் போய்விட்டார், கேள்வி மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. கவனிக்கவில்லை என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள், ஒன்றுமே தெரியவில்லை, நன்றாகத்தான் இருந்தார் என்று. இப்போது இந்த நாலு இருபது கட்டிலில் கிடந்து அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு நூல் பிசகாத கை, பதினொரு வருஷத்தில் பிசகாத கை, கடைசி நாளில் நாலு இஞ்சு பிசகியிருக்கிறது என்றால், அன்றைக்கே அது சரியில்லை, அன்றைக்கே ரத்தம் ஒழுங்காக ஏறவில்லை, அந்தக் கை படத்தில் எழுதிக் காட்டியிருக்கிறது, அதை இவள் முன்னால் நீட்டியிருக்கிறது, இவள் சரிபார்த்தவர் ப. என்று கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போய்ச் சோறு வடித்திருக்கிறாள். சரிபார்த்தாளா? நிஜமாகப் பார்த்தாளா? பதினாறு வருஷமாக அவர் கணக்கைப் பார்த்துப் பார்த்து, பார்ப்பதையே விட்டுவிட்டாளா? தண்ணீர் குடிக்கச் செம்பை எடுத்தாள், எடுத்ததும் படத்தின் மூலை சுருண்டு எழுந்து அவள் கைமேல் விழுந்தது. நட்சத்திரம் பாதி மறைந்தது. தண்ணீர் லாரி ஒன்று தெருவில் ஹாரன் அடித்துக்கொண்டு பின்னால் வந்தது. மணி இரண்டே கால்.

சரிபார்க்கத்தான் வேண்டும் என்றால் இப்போதாவது சரிபார்ப்போம் என்று தோன்றியது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், ஆற்றில் போட்ட பிறகு அளப்பதற்குப் பழமொழி இல்லை. முற்றத்தை அளந்த நோட்டு அலமாரியில்தான் இருந்தது, எழுந்து எடுத்தாள். அளப்பு எப்போதும் இரண்டு பேராகத்தான், அவர் டேப்பின் டப்பாவைப் பிடித்து அளவைச் சத்தமாகச் சொல்வார், இவள் ஒரு கையால் முனையை அழுத்திக்கொண்டு மறு கையால் எழுதுவாள். எட்டுக் கல், எட்டு வரி, அவள் கையெழுத்து. நாலு இருபது, நாலு இருபத்தொன்று, நாலு இருபது, நாலு இருபது, மேலே நாலு வரியில் கொஞ்சம் மை கசிந்திருந்தது, கீழே நாலு வரி சுத்தமாக இருந்தது. அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது. படத்தில் பிழை இல்லை. நோட்டில் இருப்பதைத்தான் அவர் படத்தில் போட்டிருக்கிறார், அன்றைக்கு அந்தக் கை சரியாகத்தான் இருந்தது, கையெழுத்துப் போட்டவள் பொய்யாகப் போடவில்லை. வந்த மூச்சு முழுசாகப் போவதற்குள் அடுத்தது வந்து நின்றது. அப்படியானால் பிழை அளக்கும்போது. அதாவது படம் வரைந்ததற்கும் ஐந்து நாள் முன்னால். அதாவது ஐந்து நாள் முன்னாலேயே அவர் தப்புத்தப்பாகச் சொல்லியிருக்கிறார், எட்டுத் தடவை தப்பாகச் சொல்லியிருக்கிறார், எதிர்முனையில் உட்கார்ந்து இவள் எட்டையும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். பயம் குறையவில்லை, ஐந்து நாள் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. நாலைந்து நாளாகவே ஏதாவது இருந்திருக்குமே என்று டாக்டர் கேட்டது அதைத்தானே.

அவருடைய வேலைப் பை கட்டிலுக்கு அடியில் இருந்தது. அவரை ஜனாஸாவில் தூக்கிப்போன அன்றைக்கு யாரோ காலில் இடறுகிறதென்று தள்ளிவிட்டது, அதை இதுவரை யாரும் தொடவில்லை, பெருக்கும்போது மச்சி விளக்குமாற்றால் அதைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போவாள். குனிந்து இழுத்தாள். ஜிப்பைத் திறந்ததும் வேர்வை உலர்ந்த கைக்குட்டை வாசனை, அதை மூக்கில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தாள் என்று தெரியவில்லை, வைத்திருந்தாள். இரண்டு பென்சில், ஒரு பிளேடு, பெரிய கடைவீதியில் தொப்பிக் கடைக்காரர் கொடுத்த காலண்டர் அட்டை, பாதி தின்ற கடலை மிட்டாய், டேப். அந்த டேப்பைக் கண்டதும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, இத்தனை அசிங்கமான ஒரு சாமானுக்காகவா என்று வெட்கமாகவும் இருந்தது. அஞ்சு மீட்டர் டேப், முனையில் இருக்கவேண்டிய கொக்கி மூன்று வருஷம் முன்னாலேயே பிய்ந்துபோய், அதோடு முதல் ஒன்பது சென்டியும் கிழிந்துபோய், பத்து என்ற எண்ணிலிருந்துதான் டேப்பே ஆரம்பிக்கும். புதுசு வாங்குங்கள் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பாள். பத்து சென்டி போனால் என்ன, மீதி நாலு மீட்டர் தொண்ணூறு இருக்கிறதே, அதை யார் தின்பது என்பார். பத்துல பிடி பரக்கத் என்பார். இவள் பத்தில் பிடிப்பாள். வருகிற அளவில் பத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும், அதுதான் அந்த டேப்போடு குடும்பம் நடத்துகிற முறை. கழிப்பது அவர் வேலை, கழித்துவிட்டுத்தான் சத்தமாகச் சொல்வார், இவள் சொன்னதைச் சொன்னபடி எழுதுவாள். பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் பதினாறு வருஷம் டேப்பின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு ஓட்டியாகிவிட்டது, ஒரு முனைக்கு ஒருவர், அளப்பது சுவரா வாழ்க்கையா என்றெல்லாம் பெரிதாக யோசித்தது கிடையாது. பத்து சென்டி. நாலு இஞ்சு என்பது பத்து சென்டி. அது மண்டையில் ஏற ஒரு நிமிஷம் ஆயிற்று.

ஷம்ஷாத் மச்சி டீயோடு வந்தாள், இவள் தரையில் டேப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். தம்பியின் பை திறந்து கிடப்பதைப் பார்த்ததும் அவள் முகம் கொஞ்சம் கலைந்தது, டீயைக் கீழே வைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்சம் பிடிக்கிறியா மச்சி, இந்தக் கதவை அளக்கணும் என்று இவள் கேட்டாள். மச்சிக்கு டேப் பிடித்துப் பழக்கம் இல்லை, பாம்பைப் பிடிப்பதுபோல நுனியைப் பிடித்தாள். "எங்க பிடிக்கணும்?" என்றாள். "பத்துல பிடி மச்சி," என்று சொன்னதும் இவள் குரல் இவளுக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது, முதல் தடவையாக இவள் டப்பா பக்கம் நிற்கிறாள், இத்தனை வருஷத்தில் இந்த முனையில் நின்றதே இல்லை. அந்தக் கதவு இரண்டு மீட்டர் உயரம், வீடு கட்டும்போது இவளே போட்ட அளவு. மச்சி கீழே குந்தி வாசற்படியில் பத்தை அழுத்தினாள், இவள் நிலையின் மேல்விளிம்பில் பார்த்தாள், இரண்டு பத்து. வாய் திறந்தாள். திறந்த வாயிலிருந்து சத்தம் வரவில்லை, ஏனென்றால் பத்தைக் கழிக்க வேண்டியிருந்தது, கழிக்க ஒரு நொடி வேண்டியிருந்தது, ஒரு சின்ன மூச்சளவு நொடி. கழித்து, இரண்டு என்றாள். அந்த ஒரு நொடி அவளுக்குத் தெரிந்த நொடி. பதினாறு வருஷமாக எதிர்முனையிலிருந்து கேட்ட நொடி. டேப் இழுபடும் சத்தம், ஒரு நொடி மௌனம், பிறகு அவர் குரல், எப்போதும் அப்படித்தான், அந்த மௌனத்துக்குள் அவர் பத்தைக் கழித்துக்கொண்டிருந்தார். மச்சி நிமிர்ந்து பார்த்து, விட்ரவா என்று கேட்டாள். விட்டதும் டேப் சடசடவென்று ஓடிவந்து இவள் கைக்குள் புகுந்துகொண்டது.

அன்றைக்கு அந்த மௌனம் நீளமாக இருந்தது. அதுதான், அதுதான் நடந்தது. சித்திரை வெயில், முற்றத்தில் நிழல் என்று ஒரு துண்டு கிடையாது, முதல் கல்லில் அவர் வழக்கம்போல் சொன்னார், இரண்டாவதில் கொஞ்சம் தாமதம், மூன்றாவதில் இன்னும் கொஞ்சம், நாலாவதில் டேப்பை இழுத்துவிட்டு வெகுநேரம் சும்மா நின்றார், பிறகுதான் சொன்னார். ஐந்தாவது கல்லில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்தார், துடைத்த கை நனைந்து கறுத்தது. இவள் பார்த்தாள். எல்லாரிடமும் ஒன்றும் தெரியவில்லை என்று சொன்ன அதே கண்ணால் பார்த்தாள். மனுஷன் களைத்துவிட்டார், களைப்பில் கழிக்க மறந்துவிட்டு வெறும் எண்ணைச் சொல்கிறார் போல என்று நினைத்தாள், கேட்டால் கோபம் வரும், எனக்குத் தெரியாதா என்பார், இத்தனை பேர் பார்க்க வேண்டாம், நாமே கழித்துக்கொள்வோம் என்று நினைத்தாள். நோட்டை மறுபடி எடுத்தாள். மேலே நாலு வரியில் கசிந்திருந்தது மை இல்லை. மூன்று என்ற எண்ணின்மேல் இரண்டு என்று திருத்தி எழுதியது. நாலு முப்பதை நாலு இருபதாக்கியது. கீழே நாலு வரி சுத்தமாக இருந்ததற்குக் காரணம், ஐந்தாவதிலிருந்து சொல்லச் சொல்லக் கழித்தே எழுதியிருக்கிறாள். அவர் கழித்ததை இவள் இன்னொரு தரம் கழித்திருக்கிறாள். அவர் சரியாகத்தான் சொன்னார், எட்டுத் தடவையும் சரியாகச் சொன்னார், மூச்சு முட்டிக்கொண்டு வந்தபோதும் அந்தப் பாழாய்ப்போன பத்தைக் கழித்துக் கழித்துச் சொன்னார். அவர் மேல் கரிசனம் வந்து இவள் செய்தது ஒன்றே ஒன்று, பத்து சென்டியைக் கழித்தது. என்னங்க, என்ன செய்யுது என்று ஒரு வார்த்தை கேட்பதற்குப் பதிலாக ஒரு மூன்றை இரண்டாக்கிவிட்டு, அதில் ஒரு சின்ன நிம்மதிகூட அடைந்துவிட்டு, அடுத்த கல்லுக்கு நகர்ந்திருக்கிறாள்.

தூரம் அதிகம் என்று மனசு உடனே வக்காலத்துக்கு வந்தது. அவர் அந்தக் கல், இவள் இந்தக் கல், நடுவில் அவ்வளவு இடம், வெளியே பஸ் சத்தம், மார்க்கெட் கூச்சல், எப்படித் தெரியும், மூச்சு வாங்குகிறது என்று அங்கிருந்து எப்படிக் கேட்கும். கேட்காதுதான். கேட்டிருக்காதுதான். கல்யாணமான வருஷம் ஹைதராபாத் போனபோது பஜாரில் அவரைத் தொலைத்துவிட்டாள், வளையல் கடை ஒன்றில் பச்சைக் கண்ணாடியைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம், எட்டுப் பக்கமும் சந்து, எட்டுப் பக்கமும் தலை. அவர் முன்னமே சொல்லி வைத்திருந்தார், பஜாரில் தொலைந்தால் தேடி அலையாதே, நின்ற இடத்தில் நில், நான் தேடிக்கொண்டு வருவேன் என்று. நின்றாள். அரை மணி நேரம் அந்த வளையல் கடை வாசலில் நின்றாள், வந்தார், ஒரு மைல் தூரத்திலிருந்தே உன் மூச்சுச் சத்தம் கேட்டது என்று பொய் சொன்னார். இப்போதும் நின்ற இடத்தில்தான் நிற்கிறாள், ஐம்பத்தோரு நாளாகச் சொன்னபடி வாசல் தாண்டாமல் நிற்கிறாள், யாரும் தேடிக்கொண்டு வரப் போவதில்லை. வாய் விட்டு அழுதாள். மச்சி ஓடிவரவில்லை, அடுப்படியில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாகக் கேட்டது, அழுகிறவளுக்கு மறைப்பாக இருக்கட்டும் என்று அவள் தேய்க்கிறாள் என்று இவளுக்குத் தெரியும். அழுது முடித்தபோது டீயில் ஆடை படிந்திருந்தது, அதையும் குடித்தாள். பிறகு படத்தில் நாலு இருபதை அடித்துவிட்டுப் பக்கத்தில் நாலு முப்பது என்று எழுதினாள், நடு நட்சத்திரத்தின் உள்வட்டத்துக் கணக்கைத் திருத்தினாள், அதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று, அவர் பென்சிலாலேயே எழுதினாள். மணி மூன்றரை தாண்டியிருந்தது.

மச்சியிடம் சொல்லி அனுப்பியிருக்கலாம். இரண்டு வார்த்தைதான், மச்சி அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாள். ஆனால் இதை மச்சி வாயால் சொல்ல முடியாது என்று தோன்றியது. போனைக் கேட்டாள். மச்சி ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேலை விஷயம்தானே, நீயே பேசு என்று நம்பரைப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டாள். மேஸ்திரி மச்சி என்று நினைத்து ஆரம்பித்தவர் இவள் குரலைக் கேட்டதும் தடுமாறி, மேடம், நீங்களே பேசுறீங்களா என்றார், பின்னால் பஸ் போகிற சத்தம், எவனோ பூண்டு விலை கூவுகிற சத்தம், அந்த முற்றத்தின் சத்தம்.

"நாலு முப்பதுன்னு அறுங்க மேஸ்திரி," என்றாள். "சார் சரியாத்தான் சொன்னாரு. நான்தான் கழிச்சு எழுதிட்டேன்."

அதான பாத்தேன், சார் கையில தப்பு வராதே என்றார் மேஸ்திரி, சொல்லிவிட்டு, சொன்னது மேடத்துக்கு எப்படிப் படும் என்று பயந்தவர்போல, அறுத்த ஒரு துண்டு ஒன்றும் வீணில்லை, உள்வட்டத்துக்கு ஆகும், எல்லாம் நட்டு நிறுத்தியதும் எல்லாப் பக்கமும் போட்டோ பிடித்து அனுப்புகிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனார். போட்டோ அனுப்புங்கள் என்றாள். வைத்துவிடத்தான் நினைத்தாள். வைக்கவில்லை.

"மேஸ்திரி, ஒண்ணு பாத்துச் சொல்லுவீங்களா? நாலாவது கல்லுல நீங்க நில்லுங்க. அஞ்சாவது கல்லுல ஒரு ஆளை உக்காரச் சொல்லுங்க. மாடி ஏறி வந்த மாதிரி கொஞ்சம் வேகமா மூச்சு விடச் சொல்லுங்க. அது உங்க காதுக்குக் கேக்குதான்னு பாருங்க."

எதற்கு என்று அவர் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. கல்லின் எதிரொலி பார்க்கிறார்கள் போல, கூரையின் கணக்கு ஏதோ இருக்கிறது போல என்று எடுத்துக்கொண்டிருப்பார், சாரும் மேடமும் இப்படி எதையாவது கேட்பது அவருக்குப் புதிதில்லை. யாரையோ கூப்பிட்டார். செருப்புச் சத்தம் நடந்து போயிற்று. மின்விசிறியின் மூன்றாவது இறக்கை டக்கென்றது, டக்கென்றது. கதவோரம் மச்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள், அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. போனுக்குள் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று, கூச்சல் இருந்தது, அவள் தூரம் தூரம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கேக்குது மேடம்," என்றார் மேஸ்திரி. "நல்லாவே கேக்குது."

சரி மேஸ்திரி, எட்டையும் அறுத்துடுங்க என்று சொல்லிவிட்டுப் போனை மச்சியிடம் கொடுத்தாள்.